ஓவர்டிரைவ் பெடலும் பெயர் மயக்கமும்

எலெக்ட்ரிக் கித்தார் வாசிக்கும் இளைஞருட் பலர், ஓவர்டிரைவ் பெடல் என்னும் சிறு பெட்டியைத் தாமே செய்துகொள்ளவும், கடையில் வாங்கியதைத் திறந்து தம் செவிக்கேற்பத் திருத்தவும் தலைப்பட்டிருக்கின்றனர். இது பெரிதும் உவக்கத்தக்கதே. ஆயின் இந்நன்முயற்சியினூடே ஒருவகைப் பெயர் மயக்கமும் புகுந்து குடிகொண்டிருத்தலை யாம் காண்கின்றோம். அதுபற்றிச் சில கூறத் துணிந்தோம். தமிழ் பயிலும் மாணவர்க்கு இதில் யாது தொடர்பு என வினவுவார் உளராயின், எம் விடுதி மேசைமீது நன்னூலும் ஈயம் பற்றவைக்கும் கோலும் ஒன்றற்கொன்று இடையூறின்றியே கிடக்கின்றன என்பதே எம் விடை.

வால்வுகள் பொருந்திய ஆம்ப்ளிபயரை அதன் ஆற்றலுக்கு மேற்பட முடுக்கினால், ஒலியலையின் முகடுகள் தட்டையாகி, இசையில் ஓர் இனிய கரகரப்பும் நெடிது நிற்கும் தன்மையும் தோன்றும். அண்டை வீட்டார் செவி கிழியாதவாறு, 9 வோல்ட் மின்கலம் ஒன்றைக் கொண்டே அதனையொத்த விளைவை உண்டாக்குவது இப்பெட்டி. உள்ளே ஓசையைப் பெருக்கும் சில்லு ஒன்று. அதன் பின்னூட்ட வழியில் எதிரெதிர் முகமாக இரு சிலிக்கன் டையோடுகள். டையோடின் இருமுனைக்கும் இடைப்பட்ட அழுத்தம் ஏறக்குறைய 0.6 வோல்ட்டை எட்டியதும் அது வழிதிறந்து பெருக்கத்தைத் தணித்துவிடும். ஆதலின் அலையின் முகடு வெட்டுண்ணாது மழுங்குகின்றது. மழுங்கிய அலையினின்று, மூல ஓசையில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கின்றன.

இவ்வகையிற் புகழ்பெற்றது, ஜப்பானிய நிஷின் ஓன்பா நிறுவனத்தில் சுசுமு தாமுரா என்பார் வகுத்து, 1970-களின் இறுதியில் ஐபனெஸ் என்னும் பெயரால் வெளிவந்த டியூப் ஸ்க்ரீமர் டி.எஸ்.808. அதனுட் பெரும்பாலும் அமைந்திருந்த சில்லு ஜே.ஆர்.சி. 4558டி. இவ்வெண் இன்று மந்திரமாகிவிட்டது. பழைய இருப்பிலுள்ள அச்சில்லு ஒன்று கிடைத்தால் எல்லாம் கைகூடிற்று என்று எண்ணுவார் பலர். யாமும் அவ்வாறு எண்ணியிருந்தவரே.

எம் விடுதி நண்பரொருவர், ஒரு திங்கள் சிற்றுண்டிச் செலவை ஒறுத்துச் சேர்த்த பணத்தால் அத்தகைய சில்லு ஒன்றை வருவித்தார். சில்லுகளை எளிதில் மாற்றுதற்கேற்ற தாங்கியொன்றைப் பொருத்தி, அவரைச் சுவர்நோக்கி அமர்த்திவிட்டு, பழையதையும் மலிவான புதியதையும் மாறிமாறி இட்டுப் பத்துமுறை வாசித்தோம். அவர் ஐந்து முறை சரியாகக் கூறினார். காசைச் சுண்டிவிட்டுக் கூறியிருந்தாலும் அவ்வளவு கூறியிருப்பார்! அன்றிரவு அவர் உணவு கொள்ளவில்லை.

மறுநாள், ஒரு குவளைத் தேநீரின் விலையும் பெறாத மின்தேக்கி ஒன்றை மட்டும் மாற்றினோம்: 0.047 மைக்ரோபாரட் இருந்த இடத்தில் 0.1. இரைச்சலென்று முறையிட வந்த அடுத்த அறையினர்க்கும் வேறுபாடு விளங்கிற்று. காரணம் வெளிப்படை. அம்மின்தேக்கியும் அதனை அடுத்த 4.7 கிலோ ஓம் மின்தடையும் சேர்ந்து, வினாடிக்கு 720 அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட ஓசைகளின் பெருக்கத்தைப் படிப்படியாகக் குறைக்கின்றன. கித்தாரின் தடித்த கம்பி எழுப்பும் சுரமோ 82 அதிர்வு. ஆகவே மந்தர ஓசை பெரும்பாலும் மழுங்காமலே செல்ல, நடுத்தர ஓசையே மிகுதியும் கரகரக்கின்றது. 0.1 மைக்ரோபாரட் இட்டதும் அவ்வெல்லை 339 அதிர்வுக்கு இறங்கிற்று; ஒலி தடித்துப் பருத்தது.

ஆயின் உண்மையை மறையாது கூறவேண்டும். தனியே வாசிக்குங்கால் எம்மை மகிழ்வித்த அத்தடிப்பு, பாஸ் கித்தாரும் முரசுகளும் சேர்ந்த குழுவிற் சேறாகக் கலங்கிவிட்டது. ஒரு வாரத்தில் பழைய மின்தேக்கியையே மீண்டும் பற்றவைத்தோம். வகுத்தவர் அவ்வளவை வாளா இட்டாரல்லர் என்பது அப்போதுதான் எமக்கு உறைத்தது.

1982-இல் வந்த டி.எஸ்.9-க்கும் 808-க்கும் உள்ள தலையாய வேறுபாடு, வெளியீட்டிலுள்ள மின்தடை இரண்டே: முன்னதில் 470 ஓமும் 100 கிலோ ஓமும், பின்னதில் 100 ஓமும் 10 கிலோ ஓமும். அவ்விரண்டையும் மாற்றித் தந்து கூலி பெறுவாரை யாம் குறைகூறவில்லை. உழைப்புக்குக் கூலி வேண்டும். எதற்குப் பணம் தந்தோம் என்பதைத் தந்தவர் அறிந்திருக்கவேண்டும் என்பதே எம் கட்சி.

அமெரிக்காவில் பில் பின்னிகன் 1994-இல் வெளியிட்ட க்ளான் சென்டாரின் செய்தியும் இத்தகையதே. அவர் தம் மின்சுற்றைப் பிசினால் மூடினார். தம் உழைப்பைக் காத்துக்கொள்ள அவர்க்கு உரிமையுண்டு. ஆனால் மூடியதனாலேயே அதனுள்ளிருந்த ஜெர்மேனியம் டையோடுகளைப்பற்றிக் கதைகள் கிளைத்தன. பின்னர்ப் பிசினைச் சுரண்டி ஆராய்ந்தோர் கண்டது, மழுங்கிய ஓசையோடு மழுங்காத ஓசையையும் அளவறிந்து கலக்கும் செம்மையான அமைப்பு. அதன் பெருமையை அங்கன்றோ தேடல்வேண்டும்?

"அரிய சில்லு உள்ளதென்ற நம்பிக்கையே என்னை நன்றாக வாசிக்கச் செய்கின்றது" என்பார் ஒருவர். இருக்கலாம், அதனை யாம் மறுக்கமாட்டோம். எனினும் சிற்றுண்டி துறந்து பொருளீட்டும் மாணவர்க்கு அந்நம்பிக்கை விலைமிக்கது. திறக்க விரும்புவோர், ஒரு வேளைக்கு ஓருறுப்பையே மாற்றுக; கழற்றியதை உறையிலிட்டு அதன் அளவை மேலே எழுதிவைக்க.

நண்பரின் சில்லு இப்போது ஒரு தீப்பெட்டிக்குள் துயில்கின்றது. வாங்குவார் உளரேல் விற்க அவர் ஆயத்தமே. அவர் கேட்கும் விலை மட்டும் இன்னும் குறையவில்லை.