கோரிக்கை மனு: வில்லியனூர், பாகூர் வட்டங்களில் புகார் பெறும் பொறுப்பு அலுவலரை நியமிக்க வேண்டுதல்

பெறுநர்: பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-இன்படி மாவட்ட அலுவலராகப் பொறுப்பு வகிப்பவர் அவர்கள் சமுகத்திற்கு.



வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ஆலையிலும் சூளையிலும் கடைகளிலும் வீடுகளிலும் கூலிக்கு உழைக்கும் பெண்களின் சங்கத்தார் நாங்கள்.

இவ்விஷயமாக முன்னரே மனுக்கள் அளித்திருக்கிறோம். பொறுப்பு அலுவலர் யார் என்று முதல் மனுவில் கேட்டோம். அவர் எங்கே அமர்வார் என்று அடுத்ததில் கேட்டோம். அவர் பெயரைப் பலகையில் எழுதி வைக்கும்படி அதன் பின்னர் வேண்டினோம். பெற்றுக்கொண்டதற்கான முத்திரை எங்கள் கோப்பில் இருக்கிறது, பதில்தான் இல்லை. ஆகையால் ஆதியோடந்தமாக மீண்டும் எழுதுகிறோம்.

பத்துப் பேருக்குக் குறைவானோர் வேலை செய்வதால் புகார் விசாரிக்கும் உள்ளகக் குழு அமையாத இடங்களுக்கும், முதலாளி மீதே புகார் எழும் இடங்களுக்கும் மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு வேண்டும் என்பது மேற்படி சட்டத்தின் 6ஆம் பிரிவு. கிராமப் பகுதியில் வட்டந்தோறும் ஒரு பொறுப்பு அலுவலரை நியமித்து, அவர் பெறும் புகாரை ஏழு நாட்களுக்குள் அக்குழுவிடம் சேர்ப்பிக்கச் செய்ய வேண்டும் என்பது அப்பிரிவின் 2ஆம் உட்பிரிவு. இது அதிகாரியின் சித்தத்துக்கு விடப்பட்ட காரியமன்று, கடமை. இந்நியமனங்களைக் காலவரையறைக்குள் முடிக்கும்படி உச்ச நீதிமன்றமும் 2024 டிசம்பர் 3ஆம் தேதி எல்லா மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் உத்தரவிட்டது.

வட்டத்திலேயே அலுவலர் வேண்டுமென்று நாங்கள் மன்றாடுவதன் காரணத்தைக் கேட்டருள வேண்டும். தன்னை இம்சிக்கும் சூப்பர்வைசர் மீது புகார் கொடுக்க விரும்பும் பெண், நகரத்துக்குப் போவதற்கு அந்த சூப்பர்வைசரிடமே பெர்மிஷன் கேட்க வேண்டியிருக்கிறது. அரைநாள் கூலியை இழந்து பஸ் பிடித்துப் போய், எந்த அறை என்று தெரியாமல் திரும்பி வந்தால், மறுநாள் ஷிப்டு மாற்றப்பட்டிருக்கிறது. புகாருக்குச் சட்டம் முதலில் அளிக்கும் அவகாசமோ மூன்றே மாதம். ஸ்தாபனங்களில் நிகழும் வன்முறையை ஆராய்ந்த ஜெஃப் ஹெர்ன், வெண்டி பார்க்கின் ஆகிய இருவரும் 2001இல் வெளியிட்ட நூலில், அது தனிமனிதரின் துர்க்குணத்தோடு முடிவதில்லையென்றும், ஸ்தாபனத்தின் அதிகார அமைப்போடு பிணைந்ததென்றும் நிறுவினர். ஷிப்டும் கூலியும் வேனில் இடமும் யார் கையிலிருக்கின்றனவோ, அவர் கையிலேயே புகாரின் வழியும் இருப்பதைக் கண்ட எங்களுக்கு இது புதிய செய்தியன்று.

திண்டுக்கல் ஆடை ஆலையொன்றின் பெண் தொழிலாளி 2021 ஜனவரியில் கொலையுண்டதையடுத்து, 2022 ஏப்ரலில் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் செய்துகொண்ட உடன்படிக்கை, தொழிலாளர்களிலிருந்தே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்களைத் தையல் வரிசைகளிலேயே அமர்த்தியது. ஓர் உயிர் போன பின்னரே அங்கே அந்த ஏற்பாடு கிடைத்தது. 1992இல் ராஜஸ்தானத்துப் பட்டேரி கிராமத்தில், குழந்தை மணத்தைத் தடுக்க முயன்ற ஊழியர் பன்வாரி தேவிக்கு நேர்ந்த பாலியல் கொடுமையால் பிறந்தவை உச்ச நீதிமன்றத்தின் 1997ஆம் ஆண்டு விசாகா தீர்ப்பும் இச்சட்டமும். கிராமத்துப் பெண்ணின் கண்ணீரால் விளைந்த சட்டம் கிராமத்தை எட்டாமலிருப்பது தர்மமாகுமா?

ஆகவே, இரு வட்டங்களுக்கும் அலுவலர்களை உடனே நியமித்து, வாரத்தில் ஒரு நாள் மாலை, வேலை விட்ட பின், கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் அமரச் செய்யுமாறும், எழுதத் தெரியாதோர் சொல்வதை எழுதிக்கொள்ள ஏற்பாடு செய்யுமாறும் கோருகிறோம்.

மேலும்: சட்டத்தின் தமிழாக்கத்தை ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைத்தல், உள்ளூர்க் குழுவின் ஆண்டறிக்கைச் சுருக்கத்தைத் தமிழில் வெளியிடுதல், இரவு ஷிப்டு பெண்கள் இறங்கும் நிறுத்தங்களில் விளக்கமைத்தல் ஆகியவற்றையும் வேண்டுகிறோம்.

முந்திய மனுக்களின் நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன. எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
சங்கச் செயலாளர்