உள்வாடகை மோசடியை இனியும் பொறுக்க முடியாது

ஒருவர் மாத வாடகைக்கு ஒரு வீட்டை எடுக்கிறார். அதே வீட்டைத் தன் சொந்த வீடு என்று காட்டி, இன்னொரு குடும்பத்திடம் சில லட்சங்களை லீசுப் பணமாக வாங்கிக்கொள்கிறார். சில மாதங்கள் உரிமையாளருக்கு வாடகை ஒழுங்காகப் போகிறது. பிறகு வாடகையும் நிற்கிறது, ஆளும் தலைமறைவு. பாக்கி கேட்டு வரும் உரிமையாளரும், நகையை விற்றுப் பணம் கட்டிய குடும்பமும் அன்றுதான் முதன்முதலாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். சென்னையில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது.

இதைச் 'சிவில் விவகாரம்' என்று சொல்லிப் புகாரைத் தட்டிக்கழிக்கும் காவல் நிலையங்களை வன்மையாகக் கண்டிக்கிறோம். பொய் சொல்லிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவின்படி ஏமாற்றுக் குற்றம்.

சட்டத்துக்கும் குறைவில்லை. உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி உள்வாடகைக்கு விட்டவரை வெளியேற்ற 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே வழி செய்தது. அதன் இடத்தில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அத்தகைய உள்வாடகையைத் தடுக்கிறது; வாடகை ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் சொல்கிறது. எத்தனை வீடுகளில் இது நடக்கிறது? புரோக்கர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போட்டு, சாவியைக் கொடுத்ததோடு சரி.

உரிமையாளர்களையும் விட்டுவைக்க முடியாது. வங்கிக்கு வாடகை வந்தால் போதும் என்று, வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்பதைக்கூடப் பாராதவர்கள், சிக்கல் வந்ததும் மோட்டாரை நிறுத்துகிறார்கள், மின்சாரத்தைத் துண்டிக்கிறார்கள். ஏமாந்து நிற்கும் குடும்பத்தின் மீது கோபத்தைக் காட்டுவது அநியாயம். குடியிருப்பவரை வெளியேற்ற வாடகை நீதிமன்றம் இருக்கிறது.

ஒப்புதல் பெற்றே உள்வாடகைக்கு விட்டாலும் முதல் வாடகைதாரரின் பொறுப்பு தீராது. வாடகை பாக்கிக்கும் வீட்டின் சேதத்துக்கும் உரிமையாளரிடம் அவரே பதில் சொல்ல வேண்டும். தான் வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தரும் கடமையும் அவருடையதே.

வீட்டுவசதித் துறை இனி தாமதிக்கக் கூடாது. பதிவாகும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் உள்வாடகைக்கு அனுமதி உண்டா என்பது தெளிவாக இருக்க வேண்டும். பணம் கொடுக்கும் முன் அதை எவரும் இணையத்தில் சரிபார்க்க வழி வேண்டும். ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிக்கொண்டு ஒதுங்கும் புரோக்கர், உண்மையான உரிமையாளரை நேரில் காட்டத் தவறினால், மோசடி வழக்கில் அவரையும் விசாரிக்க வேண்டும்.