மாமாவின் சிவப்புக் கயிறு

பைக் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். வலது கைப்பிடி பக்கம் சிவப்பாக ஒரு கில் சுவிட்ச் இருக்கும். பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை. எங்கேயாவது நிறுத்திய வண்டியில் குறும்புப் பையன் யாராவது தட்டிவிட்டுப் போவான். நாம் கிக்கரை உதைத்து வியர்த்துப் போவோம். அதே சுவிட்ச் என் மாமாவின் வள்ளத்தில் இல்லாததால் போன மாதம் ஒரு சாவு விழுந்திருக்கும்.

மாமாவுக்குக் குமரி மாவட்டக் கடற்கரையில் ஒரு ஃபைபர் வள்ளம். பின்னால் தொங்குவது சின்ன அவுட்போர்டு எஞ்சின். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டுகிற பழைய ரகம். வழக்கமாக மகனும் கூடப் போவான். அன்று அவனுக்குக் காய்ச்சல். தனியாகப் போய்த் திரும்பும்போது, கரைக்குப் பக்கத்தில் ஓர் அலை தூக்கிப் போட, மாமா கடலில் விழுந்தார். வள்ளம் நிற்கவில்லை.

கைப்பிடியை விட்டதும் எஞ்சின் தானாக ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். ப்ரொப்பெல்லரின் சுழற்சி அப்படி இழுக்கும். வள்ளம் வட்டமடித்து, விழுந்தவரை நோக்கியே திரும்பி வரும். முழு வேகத்தில் அந்த ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,000 தடவைக்கு மேல் சுற்றும். மாமா மூன்று தடவை மூச்சைப் பிடித்து முங்கினார். நான்காவது சுற்றில் அலை வள்ளத்தைத் திசை மாற்ற, அது மணலில் போய் ஏறியது. இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். மாமி சிரிக்கவில்லை.

மறுநாளே மெக்கானிக் வந்தார். வேலை அரை மணி நேரம்தான். இந்த மாதிரி எஞ்சினில் பேட்டரி கிடையாது. ஃப்ளைவீல் சுற்றும்போதே கரண்ட் உண்டாகி ப்ளக்கில் பொறி விழும். ஸ்டாப் பட்டனை அழுத்தினால் அந்தக் கரண்ட் எஞ்சின் உடம்பிலேயே எர்த் ஆகிவிடும், பொறி நின்றுவிடும். பட்டனுக்குப் போகும் இரண்டு ஒயரிலிருந்தும் கிளை எடுத்து, புது சுவிட்சையும் பக்கவாட்டில் இணைத்தார். பழைய பட்டன் அப்படியே இருக்கிறது. புது சுவிட்சில் ஒரு கிளிப், அதில் ஒரு சுருள் கயிறு, மறுமுனை ஓட்டுகிறவர் காலில். ஆள் விழுந்தால் கிளிப் பிடுங்கிக்கொண்டு வரும், எஞ்சின் நிற்கும். ட்ரெட்மில்லில் சட்டையில் மாட்டுகிற கயிறும் இதே தத்துவம்தான்.

வாங்கும்போது எஞ்சின் மாடலைச் சொல்லி வாங்குங்கள். பேட்டரி இக்னிஷனுக்கான சில சுவிட்சுகள் நேர் எதிராக வேலை செய்யும். ஸ்டார்ட்டர் கயிறு உரசாத இடத்தில் பொருத்த வேண்டும். இணைப்புகளில் உப்புத்தண்ணீர் ஏறாமல் மூட வேண்டும். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. உள்ளே ஒயர் அரித்து அறுந்துபோனால் எஞ்சின் வழக்கம்போலவே ஓடும், எந்த அறிகுறியும் காட்டாது. விழுகிற அன்றுதான் தெரியும். அதனால் மெக்கானிக் ஒரு வழி சொன்னார்: தினமும் பட்டனைத் தொடாமல், கயிற்றை இழுத்தே எஞ்சினை நிறுத்துங்கள். சோதனை தானாக நடந்துவிடும். இன்னொரு கிளிப்பும் வள்ளத்திலேயே இருக்கட்டும். இரண்டு பேர் போய், ஓட்டுகிறவர் கிளிப்போடு விழுந்துவிட்டால், மற்றவர் எதை மாட்டி எஞ்சினை எடுத்து அவரிடம் வருவார்?

எல்லாம் முடிந்து பார்த்தால், மாமா கயிற்றைக் காலில் மாட்டவே மாட்டேன் என்கிறார்.

"நாப்பது வருசமா கடல்ல போறேன் மக்கா. மாட்டைக் கட்டுத மாதிரி என்னைக் கட்டச் சொல்லுதியா?"

2013 மே மாதம் இங்கிலாந்தில் பாட்ஸ்டோ என்ற ஊரில் நடந்ததை அவரிடம் சொன்னேன். அதிவேகப் படகு சட்டென்று திரும்பியதில் ஒரே குடும்பத்தில் 6 பேரும் தண்ணீரில் விழுந்தார்கள். ஆளில்லாப் படகு வட்டமடித்து வந்து அவர்கள் மேலேயே ஏறியது. அப்பாவும் 8 வயது மகளும் இறந்துபோனார்கள். அந்தப் படகில் கில் சுவிட்ச் இருந்தது, கயிறும் இருந்தது. யாரும் மாட்டியிருக்கவில்லை. அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல், 26 அடிக்குக் குறைந்த படகில் இந்த சுவிட்ச் இருந்தால், வேகமாக ஓட்டும்போது மாட்டியே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

மாமா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எட்டு வயசா?" என்றார். அவர் பேரனுக்கும் எட்டுதான்.

முதல் நாள் கயிற்றைச் சாரத்தில் முடிந்துகொண்டு போனாராம். விழுந்தால் சாரம் மட்டும்தான் வள்ளத்தோடு மிஞ்சும் என்று மாமி திட்டிய பிறகு, முழங்காலுக்கு மேல் வந்திருக்கிறது. இப்போது வள்ளம் கரைக்கு வந்ததும் பேரன் இடுப்பளவு தண்ணீரில் ஓடிப்போய்க் கயிற்றை இழுத்து எஞ்சினை நிறுத்துகிறான். பள்ளிக்கூடம் இருக்கிற நாட்களில் மாமாவே இழுத்துக்கொள்கிறார்.