கண் போனால் பிழைப்பும் போகவேண்டுமா?



பால் வெட்டும்போது பட்டைச் சிராய் தெறித்து ஒரு கண்ணை இழந்த தொழிலாளி ஒருவர், செலாயாங் மருத்துவமனையில் சிகிச்சை முடிந்து திரும்பிவந்து பெரட்டுக் களத்தில் நின்றார். வயது நாற்பத்திரண்டு. இருபது ஆண்டு மரம் வெட்டிய கை. "இனி உனக்கு இங்கே வேலை இல்லை" என்று நிர்வாகம் கடிதம் நீட்டியது. அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான். கிராணி உத்தியோகம் அப்படிப்பட்டது. கையெழுத்து மானேஜருடையது, விரல் நம்முடையது.

பால் கொட்டகையில் தராசு பார்க்க ஒரு கண் போதாதா? நாற்றங்காலில் பை நிரப்ப, ஒட்டுப்பால் தரம் பிரிக்க இரண்டு கண்ணும் வேண்டுமா? கேட்டேன். "லேசான வேலை தோட்டத்தில் கிடையாது" என்றார்கள். அதே மாதத்தில் ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஓர் ஆளை எடுத்தார்கள். செக்ரோலில் அந்தப் பெயரை எழுதியவனும் நானே!

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2008-இல் உடற்குறையுள்ளோர் சட்டம், 685-ஆம் எண், வந்தது. மற்றவர்களுக்குச் சமமாக வேலை பெற அவர்களுக்கு உரிமை உண்டு என்று அதன் 29-ஆம் பிரிவு சொல்கிறது. கேட்க இனிமைதான். ஆனால் அந்த உரிமையை மறுக்கும் முதலாளிக்கு என்ன தண்டனை? சட்டம் நிறைவேறியபோது அதற்கு ஒரு வரிகூட எழுதவில்லை. பல்லில்லாத பாம்பைப் பிடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, பாதுகாப்பு வந்துவிட்டது என்றார்கள். அரசாங்க வேலைகளில் நூற்றுக்கு ஒன்று இவர்களுக்கு என்று 1988-இல் சுற்றறிக்கை போட்டார்கள். முப்பது ஆண்டு கழிந்தும் அந்த ஒன்றை எட்டவில்லை. ஓ.கே.யு. அட்டை மட்டும் தவறாமல் கைக்கு வருகிறது. அட்டையை அடுப்பில் வைத்தால் சோறு வேகுமா?

செலவாகும் என்று நிர்வாகம் முனகும். ஊனமுற்றவருக்குக் கொடுக்கும் சம்பளத்தை இரண்டு மடங்காகக் கணக்குக் காட்டி வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று 1982-லேயே விதி செய்தார்கள். சலுகை முதலாளிக்கு! அதையும் வேண்டாமென்று விடுகிறவர்களை என்னவென்பது?

வெள்ளைக்காரன் கதை இன்னும் வேடிக்கை. 1944-இல், யுத்தம் முடியுமுன்பே, இருபது பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருப்பவன் நூற்றுக்கு இத்தனை பேரை ஊனமுற்றோரிலிருந்து எடுக்கவேண்டும் என்று பிரிட்டனில் சட்டம் போட்டான். லண்டனில் இருந்து நம் தோட்டங்களை ஆண்ட கம்பெனிகள் அங்கே அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவைதான். இங்கே நம் பாட்டனுக்கு விரல் போனால் லயத்தைக் காலி செய் என்றார்கள். ஜெர்மனியில் இன்று நூற்றுக்கு ஐந்து. எடுக்காதவன் பணம் கட்டவேண்டும். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசாங்க வேலைகளில் நூற்றுக்கு நான்கு.

இவர்களால் முடியாது என்பது வெறும் பேச்சு. செலாயாங்குக்குப் பக்கத்தில், சுங்கை பூலோவில், 1930-இல் தொழுநோயாளிகளைக் கொண்டுபோய் அடைத்தார்கள். விரல் மடங்கிய அந்த மனிதர்களே அங்கே பாடம் நடத்தினார்கள், காவல் காத்தார்கள், மருந்து கட்டினார்கள், நாற்றங்கால் வைத்து ஊருக்கெல்லாம் செடி விற்றார்கள். பிரிக்பீல்ட்ஸில் 1951-இல் தொடங்கிய பார்வையற்றோர் சங்கத்தைச் சுற்றித் தங்கள் உழைப்பில் குடும்பம் நடத்துகிற பார்வையற்றோரை யார்தான் பார்க்கவில்லை? டெலிபோன் இணைப்பிலிருந்து உடம்பு பிடிப்பது வரை செய்தவர்கள். வேலை கொடுத்த இடத்தில் கை தானே வழி கண்டது.

இனி நம் வீட்டுக் குப்பை. அந்தத் தோழர் சங்கத்துக்கு வந்தபோது அறுபத்தைந்து நாள் ஆகியிருந்தது. நியாயமில்லாமல் நீக்கினால் மீண்டும் வேலை கேட்டு அறுபது நாளுக்குள் மனுக் கொடுக்கவேண்டும் என்பது தொழிலுறவுச் சட்டம். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கடிதம் அடித்த நானும் சொல்லவில்லை. சொக்சோ பணம் வரும், போதும் என்று நினைத்துவிட்டேன். காயம்பட்டவரை மறுபடி வேலையில் அமர்த்தவே சொக்சோ 2007 முதல் ஒரு திட்டம் நடத்துகிறது. கடிதம் கைக்கு வருமுன்பே அந்த அதிகாரியை அழைத்திருந்தால் நிர்வாகத்தோடு பேசியிருப்பார். 2023 ஜனவரியிலிருந்து, பாகுபாடு என்று தொழிலாளி புகார் செய்தால் லேபர் இலாகா விசாரித்து உத்தரவிடலாம். உத்தரவை மீறினால் ஐம்பதாயிரம் ரிங்கிட் வரை அபராதம். ஆனால் அது வேலையில் இருப்பவனுக்கு. செலாயாங் மொத்தச் சந்தையில் கட்டைக்காலோடு வேலை தேடி அலையும் பையனுக்கு அந்தக் கதவும் இல்லை. அவனுக்காகத்தான் 685-க்குப் பல் வேண்டும் என்கிறோம்.

அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து சேரவேண்டும். காயம்பட்டவருக்குத் தோட்டத்தில் வேறு வேலை கொடுத்து ஆறு மாதம் பார்க்காமல் நீக்கக்கூடாது. அந்த வேலைக்குச் சம்பளத்தையும் குறைக்கக்கூடாது. கிராணிமாருக்குச் சங்கம் வேறாக இருக்கலாம். அவர்களும் இதில் சேரவேண்டும். இப்படிப்பட்ட கடிதம் மேசைக்கு வந்தால், அடிக்குமுன் கிளைச் செயலாளருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கிளைக் கூட்டத்தில் தீர்மானத்தைக் கொண்டுவரப்போவது நான். "தோட்டத்துக்குக் கட்டுபடியாகாது" என்று காதோடு காதாகச் சொல்லித் திரியும் நம் ஆட்கள் இரண்டொருவர் அன்றைக்கு வந்து, அந்தத் தோழரை எதிரே உட்காரவைத்துக்கொண்டு அதைச் சொல்லட்டும்.