உப்புக்குள் கரண்ட்

ஆபீஸில் ஆர்.ஓ. மெஷின் தண்ணீரைத் தினம் குடிக்கிறோம். 'சிட்னி லோப் யார், தெரியுமா?' என்று பக்கத்து சீட்காரரைக் கேட்டேன். "ஆஸ்திரேலியா பவுலரா சார்?" என்றார்.

இல்லை. 1959 வாக்கில் லாஸ் ஏஞ்சல்ஸில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், அவரும் சீனிவாச சௌரிராஜனும் (பேரைப் பார்த்தாலே நம்மவர் என்று தெரிகிறதல்லவா?) ஒரு சவ்வு செய்தார்கள். உப்புத் தண்ணீரை அழுத்தித் தள்ளினால் தண்ணீர் போகும், உப்பு நின்றுவிடும். தள்ளத்தான் ஏகப்பட்ட கரண்ட்.

பிற்பாடு இஸ்ரேலில் ரசாயனப் பொறியியல் பேராசிரியரான லோப், 1970-களில் கணக்கைத் திருப்பிப் போட்டார். சவ்வுக்கு இந்தப் பக்கம் நல்ல தண்ணீர், அந்தப் பக்கம் கடல் தண்ணீர். நல்லது தானாகவே உப்பைத் தேடிப் பாயும். அந்த அழுத்தத்தில் டர்பைன் சுற்றலாமே!

நார்வேயில் 2009-ல் கட்டிப் பார்த்தார்கள். கிடைத்தது சுமார் 4 கிலோவாட். இரண்டு கெட்டில் காபி போடலாம். 2013-ல் கைவிட்டார்கள்.

2025-ல் ஜப்பானின் ஃபுகுவோகாவில் மறுபடி ஆரம்பம். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை கழித்துவிடும் கெட்டி உப்புநீர் ஒரு பக்கம், சுத்திகரித்த சாக்கடைத் தண்ணீர் மறுபக்கம். வருகிற கரண்ட் அந்த ஆலைக்கே உதவுகிறது.

வாங்கிய கடனில் கொஞ்சத்தைத் தண்ணீர் திருப்பிக் கொடுக்கிறது. 2008-லேயே போய்விட்ட லோபிடம் சொல்லத்தான் வழியில்லை.