ஏக்கர் விலை சொல்லாத சேதி

கனடாவின் புல்வெளி மாகாணங்களான அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான், மனிற்றோபா ஆகியவற்றின் வடபகுதியில் காணி வாங்குவது பற்றிய பேச்சு ரொறன்ரோத் தமிழர்கள் வாயிலாக அண்மைக் காலமாக என் காதில் அடிக்கடி விழுகிறது. ஸ்காபரோவில் ஒரு வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் அங்கே 160 ஏக்கர் காணியை வாங்கி, அதில் ஒரு வீட்டையும் கட்டி, மிச்சத்தை வங்கியில் போடலாம் என்பது இப்பேச்சின் சாரம். 160 ஏக்கர் என்பது எமது கணக்கில் 2,560 பரப்பு. இரண்டு பரப்புக் காணிக்காகத் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படியேறிய ஒரு சமூகத்துக்கு இக்கணக்கு தலைசுற்ற வைப்பதில் வியப்பில்லை.

நீண்ட காலம் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற வகையில் காணி விளம்பரங்கள் குறித்து நான் அறிந்துகொண்டது ஒன்றுண்டு. விளம்பரம் சொல்வதிலும் பார்க்க அது சொல்லாமல் விடுவதே முக்கியமானது. புல்வெளிக் காணிகளைப் பொறுத்தவரை விளம்பரம் ஏக்கர் விலையைப் பெரிய எழுத்தில் சொல்லும். அவ்விலை ஏன் ஓரிடத்தில் உயர்ந்தும் இன்னோரிடத்தில் தாழ்ந்தும் நிற்கிறது என்பதைச் சொல்லாது. ஆகவே இரண்டு பிரதேசங்களை ஒப்பிட விரும்புவோர் விலைப்பட்டியலை மூடிவைத்துவிட்டு வேறு சில கேள்விகளிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது எனது கருத்து.

முதற் கேள்வி மண். இந்த மாகாணங்களின் மண்ணை அறிஞர்கள் நிறத்தால் வகுத்துள்ளனர். சஸ்கச்சுவானின் தென்மேற்கிலும் அல்பேர்ட்டாவின் தென்கிழக்கிலும் இருப்பது பழுப்பு மண். 1857 முதல் 1860 வரை அப்பகுதியை ஆராய்ந்த ஜோன் பலிசர், வறண்ட இப்பிரதேசம் பயிர்ச்செய்கைக்கு உகந்ததல்ல எனக் கருதினார். அவரது பெயராலேயே அது இன்றும் பலிசர் முக்கோணம் என அழைக்கப்படுகிறது. ஆண்டுக்கு 350 மில்லிமீற்றரை ஒட்டிய மழையே அங்கு கிடைக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் மழையில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 1930களின் புழுதிப் புயல்கள் பல குடும்பங்களை அங்கிருந்து வடக்கே விரட்டின. அதே பகுதிகளை 2021ஆம் ஆண்டின் வரட்சியும் கடுமையாக வாட்டியது.

அதற்கு வடக்கே கரும்பழுப்பு மண்ணும், அதனையும் தாண்டி வில்போல வளைந்து செல்லும் கரிய மண் வலயமும் உள்ளன. யோர்க்டன், மெல்ஃபோர்ட் போன்ற ஊர்கள் இவ்வலயத்தில் அடங்குகின்றன. புல்வெளியும் ஆஸ்பென் மரத்தோப்புகளும் கலந்து கிடக்கும் இந்தப் பூங்காநிலமே மாகாணங்களின் வளமான முதுகெலும்பு எனலாம். இன்னும் வடக்கே செல்லச் செல்ல மண் சாம்பல் நிறமாகிறது. அது காடாக இருந்த மண். உக்கல் குறைவு, மழைக்குப் பின் மேற்பரப்பு இறுகிப் பொருக்குக் கட்டும், கந்தகச் சத்தும் போதாது. அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகம் பிரெற்றன் என்னுமிடத்தில் 1930 முதல் இம்மண்ணில் பரிசோதனைப் பயிர் செய்துவருகிறது. அவரை இனப் பயிர்களைச் சுழற்சியில் சேர்த்தும், வேண்டிய உரமிட்டும் அதனைத் திருத்த முடியும் என்பது அங்கு நிரூபணமாகியுள்ளது. ஆனால் திருத்துவதற்கு ஆண்டுகளும் பணமும் வேண்டும். மலிவென்று விளம்பரப்படுத்தப்படும் 160 ஏக்கர்களில் கணிசமானவை இந்தச் சாம்பல் மண்ணின் காட்டோரத்தில்தான் கிடக்கின்றன.

சாம்பல் மண் முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டும் என்பதல்ல நான் சொல்வது. அல்பேர்ட்டாவின் வடமேற்கிலுள்ள பீஸ் ஆற்றுப் பிரதேசம் 55 பாகை அகலக்கோட்டுக்கு மேலே இருந்தும் தானியமும் கனோலாவும் விளைவிக்கிறது. கோடையில் நீண்டு கிடக்கும் பகற்பொழுது அங்கே குறுகிய பருவத்தை ஓரளவு ஈடுசெய்கிறது. எனினும் உறைபனி இல்லாத நாட்கள் பல இடங்களில் நூறை ஒட்டியே இருக்கும். ஓகஸ்ட் மாதத்தில் ஓரிரவு விழும் உறைபனி ஒரு வருட உழைப்பைக் கொண்டுபோய்விடும். மனிற்றோபாவின் ஏரியிடை நிலத்தில் பிரச்சினை வேறு. சுண்ணாம்புப் பாறைக்கு மேலே கல்லும் மெல்லிய மண்ணும், வடியாத நீரும். ஆகவே அது பெரும்பாலும் மாடு வளர்ப்பவரின் பூமி. அதே மாகாணத்தில் டக் மலைக்கும் போர்க்கியூபைன் குன்றுகளுக்கும் இடையிலுள்ள ஸ்வான் ஆற்றுப் பள்ளத்தாக்கோ நல்ல தானிய நிலம். ஒரே மாகாணம், ஒரே குளிர். ஆனால் இருவேறு வாழ்க்கை.

இரண்டாவது கேள்வி நீர். அது இல்லாமையும் ஆபத்து, மிகையும் ஆபத்து. பல இடங்களில் கிணற்று நீர் இரும்பும் சல்பேற்றும் மிகுந்து குடிக்க ஒவ்வாததாக இருக்கிறது. அதனால் குட்டை வெட்டிப் பனிநீரைச் சேமிப்போரும், தாங்கியில் நீர் ஏற்றிவருவோரும் உண்டு. மறுபுறத்தில், சஸ்கச்சுவானின் குவில் ஏரிகளுக்கு நீர் வெளியேறும் வழியே இல்லை. 2005ஆம் ஆண்டுக்குப் பின்னர் அவற்றின் நீர்மட்டம் பல மீற்றர் உயர்ந்து, சுற்றியிருந்த விளைநிலங்களையும் வீதிகளையும் விழுங்கியது. மனிற்றோபாவின் செவ்வாற்றுப் பள்ளத்தாக்கில் 1997ஆம் ஆண்டின் பெருவெள்ளம் இன்றும் பேசப்படுகிறது. வரட்சி ஆண்டில் காணி பார்ப்பவருக்கு வெள்ளம் தெரியாது. ஈர ஆண்டில் பார்ப்பவருக்கு வரட்சி தெரியாது. அயலில் முப்பது ஆண்டுகள் உழுதவருக்கு இரண்டும் தெரியும்.

மூன்றாவது கேள்வி உரிமை. காணி உறுதி கையில் இருந்தாலும் நிலத்தடியில் உள்ளது உங்களுடையதல்ல. 1887ஆம் ஆண்டுக்குப் பின்னர் மேற்கில் குடியேறியோருக்குக் காணி வழங்கப்பட்டபோது கனிய உரிமையை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. அல்பேர்ட்டாவில் இன்று ஏறத்தாழ 81 வீதமான கனிய உரிமை மாகாண அரசிடமே உள்ளது. அதனைக் குத்தகைக்கு எடுத்த எண்ணெய் நிறுவனம் நட்டஈடு கொடுத்து உங்கள் வயலினுள்ளே கிணறு தோண்ட முடியும். நிறுவனம் நொடித்துப்போனால் கைவிடப்பட்ட கிணறு அங்கேயே எஞ்சி நிற்கும். வீதி விடயத்திலும் இதே கவனம் வேண்டும். நில அளவை வரைபடத்தில் வீதிக்கென ஒதுக்கிய கோடு எல்லாம் தரையில் வீதியாக இருப்பதில்லை. ஒருபோதும் மண் போடாத கோடுகள் ஏராளம். உங்கள் வாசல்வரை பனி தள்ளும் இயந்திரம் வருமா என்பதை உள்ளூராட்சிச் சபையிடம் கேட்டறிவது கட்டாயம்.

லண்டனிலும் பாரிசிலும் சிட்னியிலும் இருந்து இதனை வாசிப்போர் இன்னொன்றையும் அறிந்திருப்பது நல்லது. கனேடியக் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ இல்லாத, கனடாவுக்கு வெளியே வாழும் ஒருவர் விவசாயக் காணி வைத்திருக்கக்கூடிய அளவு சஸ்கச்சுவானில் 10 ஏக்கர், அல்பேர்ட்டாவில் 20 ஏக்கர், மனிற்றோபாவில் 40 ஏக்கர் எனப் பொதுவாக மட்டுப்படுத்தப்பட்டுள்ளது. இவ்வரம்புகள் காரணமின்றி வந்தவையல்ல. சஸ்கச்சுவான் 2003இல் ஏனைய மாகாணத்தவர்க்கும் கதவைத் திறந்தது. 2013இன் இறுதியில் கனேடிய ஓய்வூதியத் திட்டத்தின் முதலீட்டுச் சபை அங்கு 115,000 ஏக்கரை 128 மில்லியன் டொலருக்கு வாங்க உடன்பட்டபோது விவசாயிகள் திகைத்தனர். 2015இல் சட்டம் திருத்தப்பட்டு ஓய்வூதிய நிதியங்களின் கொள்வனவு தடுக்கப்பட்டது. காணியைப் பார்க்காமலே வாங்குபவர் ஊருக்கு நல்லவரல்லர் என்பதே அவ்விவசாயிகளின் வாதம். அதனை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இங்கேதான் நான்காவது கேள்வி வருகிறது. அதுவே எல்லாவற்றிலும் பெரியது: அயல். 1931ஆம் ஆண்டின் குடிசனக் கணக்கில் சஸ்கச்சுவான் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுடன் கனடாவின் மூன்றாவது பெரிய மாகாணமாக இருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் கிராமத்தவர். 2021இல் மொத்தத் தொகை பதினொரு இலட்சத்தைக் கடந்திருந்தும் கிராமங்கள் காலியாகிவிட்டன. 1993இல் 52 சிறிய கிராம வைத்தியசாலைகள் மூடப்பட்டன அல்லது வேறு நிலையங்களாக மாற்றப்பட்டன. மாகாண அரசின் பஸ் சேவை 2017 மே மாத இறுதியில் நின்றது. மேற்குக் கனடாவில் கிரேஹவுண்ட் பஸ் 2018 ஒக்டோபர் இறுதியில் நின்றது. அண்மை ஆண்டுகளில் தாதியர் போதாமையால் கிராமப்புற அவசர சிகிச்சைப் பிரிவுகள் தற்காலிகமாக மூடப்படும் செய்தி வழமையாகிவிட்டது. அறுபத்தைந்து வயதில் நெஞ்சுவலி வந்தால், மறை 35 பாகைக் குளிரில் எத்தனை கிலோமீற்றர் ஓட வேண்டும் என்பது ஏக்கர் விலையில் எழுதப்பட்டிருப்பதில்லை. உண்மையில் மலிவு என்பதே அதன் விலை.

அயல் என்னும்போது முதற்குடிகளையும் மறக்கலாகாது. அந்த மண் வெறும் மண்ணாகக் கிடந்ததல்ல. 1871 முதல் செய்யப்பட்ட எண்ணிட்ட உடன்படிக்கைகளின் பேரில் அது அவர்களிடமிருந்து பெறப்பட்டது. வாக்களித்த அளவு நிலம் கொடுபடவில்லை என்பது நூறாண்டுக்கும் மேலான வழக்கு. சஸ்கச்சுவானில் 1992இல் செய்யப்பட்ட இணக்கத்தின்படி, விற்க விரும்புவோரிடமிருந்து அவர்கள் இன்று காணி வாங்குகிறார்கள். பறிபோன காணியின் வலி அறிந்த நாம் இவ்வரலாற்றை அறியாமல் அங்கே வேலி போடுவது அழகல்ல.

எனது முடிவு இதுதான். அங்கே போய் வாழப் போகிறவர், இயங்கும் வைத்தியசாலையும் பாடசாலையும் உள்ள ஊருக்கு அரைமணி நேரத் தூரத்தில், கரிய மண் வலயத்தில், குறைந்த ஏக்கரை வாங்கட்டும். வாங்குவதற்கு முன் ஜூலையில் ஒருமுறையும் பெப்ரவரியில் ஒருமுறையும் சென்று தங்கிப் பார்க்கட்டும். வாழப் போகாதவர் வாங்காமலே இருக்கட்டும். சஸ்கச்சுவானின் பயிர்நில விலை 2023இல் 15.7 வீதமும் 2024இல் 13.1 வீதமும் உயர்ந்தது உண்மையே. ஆனால் அது உழப்படும் நிலத்தின் கணக்கு. காட்டோரத்து 160 ஏக்கரின் கணக்கல்ல. அந்த உயர்வினால் காணி வாங்க முடியாமல் ஊரைவிட்டுப் போகும் இளம் விவசாயியே உங்கள் அயலவராக இருந்திருக்கக் கூடியவர். அவர் போய்விட்டால் உங்கள் 2,560 பரப்பும் பனிக்குள் தனித்துக் கிடக்கும்.