ஒமாஹா கரையும் வராத டாங்கிகளும்

இரண்டாம் உலகப் போரைப் பற்றிய பேச்சில் ஒரு வாதம் கேள்வி கேட்கப்படாமலே நிலைத்துவிட்டது. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் இறங்கிய பிரிட்டிஷ், கனடியப் படைகளுக்கு முன்னே விசித்திரமான டாங்கிகள் சென்றன. அவை கண்ணிவெடிகளை அடித்தே வெடிக்க வைத்தன, சுவர்களைத் தகர்த்தன, பள்ளங்களை நிரப்பின. அதனால் அந்தக் கரைகளில் உயிர்ச்சேதம் குறைந்தது. அமெரிக்கத் தளபதி ஒமர் பிராட்லி மட்டும் அவற்றை வேண்டாமென்று ஒதுக்கினார். அந்தப் பிடிவாதத்துக்கு ஒமாஹா கரையில் அவருடைய வீரர்கள் உயிரைக் கொடுத்தார்கள். வாதம் இவ்வளவுதான். ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் செஸ்டர் வில்மட் 1952இல் வெளியிட்ட ‘தி ஸ்ட்ரகிள் ஃபார் யூரோப்’ நூல் இதற்குப் பெரும் செல்வாக்கைத் தந்தது. அதன்பின் ஆவணப்படங்களும் டாங்கிப் புத்தகங்களும் இதையே வழிமொழிந்து வந்திருக்கின்றன.

அந்த டாங்கிகளை உருவாக்கியவர்கள் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. அவர்கள் செய்துகாட்டிய வேலைக்கான புகழ் அவர்களுக்குப் போதும். செய்ய முடியாத வேலையை அவர்கள் கணக்கில் ஏற்றுவது அவர்களுக்கும் நியாயமல்ல, ஒமாஹாவில் மாண்டவர்களுக்கும் நியாயமல்ல. ஆகவே வாதத்தின் ஒவ்வொரு கண்ணியையும் எடுத்துப் பார்க்கலாம்.

முதல் கண்ணி, அமெரிக்கர்கள் இந்த டாங்கிகளை மறுத்தார்கள் என்பது. பிரிட்டிஷ் தளபதி பெர்சி ஹோபார்ட் தலைமையிலான 79ஆவது கவசப் பிரிவு வளர்த்தெடுத்தவற்றில் மிகத் துணிச்சலானது நீந்தும் டாங்கி. ஷெர்மன் டாங்கியைச் சுற்றி உயரமான கான்வாஸ் திரையை எழுப்பி, பின்னால் இரண்டு சுழல்விசிறிகளைப் பொருத்தி, கடலில் இறக்கிவிடுவார்கள். ‘டிடி’ என்று அதற்குப் பெயர். ஹங்கேரியில் பிறந்து பிரிட்டனில் குடியேறிய நிக்கோலஸ் ஸ்ட்ராஸ்லர் வடிவமைத்தது. அமெரிக்கர்கள் இதை மறுக்கவில்லை. 70, 741, 743ஆவது டாங்கிப் பட்டாலியன்கள் மூன்றுக்கும் தலா 32 டிடி டாங்கிகள் கொடுத்துப் பயிற்சி அளித்தார்கள். மொத்தம் 96. மறுத்தவர்கள் செய்யும் காரியமா இது?

மற்றவற்றின் நிலை என்ன? சங்கிலிகளைச் சுழற்றி நிலத்தை அடித்துக் கண்ணிவெடிகளை வெடிக்கச் செய்யும் ‘கிராப்’ டாங்கிகள் 25, தீயை உமிழும் ‘குரோக்கடைல்’ டாங்கிகள் 100 வேண்டுமென்று அமெரிக்கத் தரப்பு கேட்டது. கொடுக்க பிரிட்டிஷ் போர் அலுவலகமும் ஒப்புக்கொண்டது. கொடுப்பதற்கு வண்டிகள்தான் இல்லை. படையெடுப்பு நாளுக்குள் பிரிட்டிஷ் படைக்குத் தேவையானதை முடிப்பதே தொழிற்சாலைகளுக்குப் பெரும்பாடாக இருந்தது. அந்த நாளில் பிரிட்டிஷ் கரைகளில்கூட ஒரு சில குரோக்கடைல்கள்தான் இறங்கின. அமெரிக்கர்கள் உண்மையிலேயே தயங்கியது சர்ச்சில் டாங்கியின் மேல் அமைந்த, பொறியாளர்களுக்கான ‘ஏ.வி.ஆர்.இ.’ வண்டி விஷயத்தில். அவர்களுடைய படை முழுவதும் ஷெர்மன் டாங்கியை நம்பியது. உதிரிபாகம், மெக்கானிக், ஓட்டுநர் பயிற்சி எல்லாமே அதைச் சுற்றித்தான். சில மாத அவகாசத்தில் முற்றிலும் வேறான ஒரு டாங்கியைப் புகுத்தினால் என்ன சிக்கல் வரும் என்று யோசித்ததை அகம்பாவம் என்று எப்படிச் சொல்வது?

இரண்டாம் கண்ணிதான் வாதத்தின் உயிர்நாடி: அந்த டாங்கிகள் வந்திருந்தால் ஒமாஹா கதை மாறியிருக்கும் என்பது. இதற்குக் கரையையே பார்க்க வேண்டும்.

வியர்வில் ஊருக்கும் கொல்வில் ஊருக்கும் இடையே பிறைபோல் வளைந்து கிடக்கிறது ஒமாஹா. மணல் முடியும் இடத்தில் கூழாங்கல் திட்டு, அதற்குப் பின்னால் முட்கம்பியும் கண்ணிவெடியும் நிறைந்த சமதளம், அதற்கும் பின்னால் 30 முதல் 50 மீட்டர் வரை எழும் மேடு. வண்டி ஏறிச் செல்ல ஐந்தே ஐந்து பள்ளத்தாக்கு வழிகள்தான். அந்த ஐந்து வாய்களிலும் ஜெர்மானியர்கள் காங்கிரீட் அரண்களை அமைத்திருந்தார்கள். கரையின் இரு பக்கங்களிலும் 88 மில்லிமீட்டர் பீரங்கிகள் இருந்தன. அவற்றின் குழல் கடலை நோக்கியிருக்கவில்லை, கரையின் நீளவாக்கில் திரும்பியிருந்தது. கடற்பக்கம் தடித்த சுவர் மறைத்ததால் கப்பல்களால் அவற்றைக் குறிவைப்பது கடினம். கரையில் இறங்கும் எந்த வண்டியும் அவற்றுக்குத் தன் பக்கவாட்டைக் காட்டியாக வேண்டும். போதாததற்கு, போர் அனுபவம் உள்ளவர்களைக் கொண்ட 352ஆவது ஜெர்மன் காலாட்படைப் பிரிவு அங்கே வந்து சேர்ந்திருந்தது. நேசநாட்டு உளவுத்துறை எதிர்பார்த்ததோ அதைவிடப் பலவீனமான எதிரியை.

இந்த அரண்களை முதலில் நொறுக்க வேண்டியவை விமானங்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட பி-24 குண்டுவீச்சு விமானங்கள் மேகத்துக்கு மேலிருந்து வந்தன. கீழே படகுகளில் வரும் சொந்த வீரர்கள்மீது விழுந்துவிடக் கூடாதென்று சில நொடிகள் தாமதித்துக் குண்டு போட்டார்கள். அவை கரையைத் தாண்டி, உள்நாட்டு வயல்களில் போய் விழுந்தன. ஒமாஹா அரண்களில் கீறலும் விழவில்லை. அடுத்தது கப்பல் பீரங்கிகள். ஒமாஹாவில் அவை சுட்ட நேரம் முக்கால் மணிக்கும் குறைவு. அலையேற்றம் மேற்கிலிருந்து கிழக்கே செல்வதால் அமெரிக்கர்கள் 6.30க்கே இறங்க வேண்டியிருந்தது. கிழக்கே ஒரு மணி நேரம் தாமதமாக இறங்கிய பிரிட்டிஷாருக்குச் சுமார் இரண்டு மணி நேரப் பீரங்கித் தாக்குதலின் பலன் கிடைத்தது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் இரு தரப்புக் கரைகளையும் எவராலும் ஒப்பிட முடியாது.

இப்போது இந்தக் காட்சிக்குள் அந்தச் சிறப்பு டாங்கிகளை நிறுத்திப் பாருங்கள். ஏ.வி.ஆர்.இ. சுமந்த ‘பெட்டார்ட்’ 290 மில்லிமீட்டர் மோர்ட்டார். சுமார் 18 கிலோ எடையுள்ள குண்டை அது வீசும்போது காங்கிரீட்டே பிளக்கும். ஆனால் குறி தவறாமல் அடிக்க இலக்கை 80 மீட்டர் அளவுக்கு நெருங்க வேண்டும். பக்கவாட்டில் 88 காத்திருக்கும் கரையில் மெதுவாக நகரும் வண்டி அந்த 80 மீட்டரை எட்டுவது எப்படி? கிராப் டாங்கியின் 43 சங்கிலிகள் நிலத்தை அடிக்கும்போது அது மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஊர்ந்து செல்லும், வேலை நடக்கும் நேரத்தில் பீரங்கியால் நேராகச் சுடவும் வராது. ஒமாஹாவில் ஏற்கெனவே நடந்ததே இதற்குச் சான்று. தடைகளை அகற்ற 16 புல்டோசர் டாங்கிகள் அனுப்பப்பட்டன. ஆறுதான் வேலை செய்யும் நிலையில் கரை சேர்ந்தன, அவற்றிலும் மூன்றை ஜெர்மன் பீரங்கிகள் உடனே முடக்கின. அதே தீயில் ஏ.வி.ஆர்.இ. மட்டும் தப்பியிருக்கும் என்று நம்ப ஒரு காரணமும் தெரியவில்லை.

இதில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். வியர்வில் பள்ளத்தாக்கை அடைத்து நின்ற காங்கிரீட் சுவரைப் பெட்டார்ட் உடைத்திருக்கும், சந்தேகமில்லை. பொறியாளர்கள் வெடிமருந்தை வைத்து அதைத் தகர்ப்பதற்குள் பிற்பகல் ஆகிவிட்டது. ஆனால் காலையில் முதல் ஒரு மணி நேரத்தில் மணலில் விழுந்தவர்களை அந்தச் சுவர் கொல்லவில்லை. மேட்டிலிருந்து வந்த இயந்திரத் துப்பாக்கிச் சூடும் மோர்ட்டாரும் கொன்றன.

டிடி டாங்கிகள் ஒமாஹாவில் பட்ட பாடு இந்த வாதத்துக்கு நேர் எதிரான சாட்சி. 741ஆவது பட்டாலியனின் 29 டிடி டாங்கிகளைக் கரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தூரத்தில் கடலில் இறக்கினார்கள். அலை ஓர் ஆள் உயரம் எழும்பிக்கொண்டிருந்தது. கான்வாஸ் திரைகள் ஒவ்வொன்றாக நொறுங்கின, 27 டாங்கிகள் மூழ்கின, இரண்டுதான் நீந்திக் கரையேறின. இறக்க முடியாமல் படகிலேயே நின்ற மூன்று மட்டும் படகோடு கரைக்கு வந்தன. பக்கத்தில் 743ஆவது பட்டாலியனின் அதிகாரிகள் அலையைப் பார்த்தார்கள், நீந்த விடாமல் படகுகளைக் கரைவரை ஓட்டிவந்து டாங்கிகளை இறக்கினார்கள். கோல்ட் கரையிலும் பிரிட்டிஷ் அதிகாரிகள் பெரும்பாலும் அதே முடிவைத்தான் எடுத்தார்கள். பிரிட்டிஷ் புதுக்கருவியை ஏற்றுக்கொண்டதால்தான் 741ஆவது பட்டாலியன் அழிந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எந்தக் கடலில், எவ்வளவு தூரத்தில் இறக்குவது என்ற அந்த நேரத்து மதிப்பீடு கருவியைவிடப் பெரிது என்றுதான் சொல்கிறேன்.

யூட்டா கரை ஒன்றே இந்த வாதத்தை வீழ்த்தப் போதும். அங்கே இறங்கியதும் அதே பிராட்லியின் படை. கிராப் இல்லை, ஏ.வி.ஆர்.இ. இல்லை, குரோக்கடைல் இல்லை. டிடி டாங்கிகள் 32இல் 28 கரை சேர்ந்தன. படகு கண்ணிவெடியில் சிக்கியதால் நான்கு போயின. பொறியாளர்கள் கையால் வெடிமருந்து கட்டியும் புல்டோசர் டாங்கிகளை வைத்துமே தடைகளை அன்று காலையிலேயே அகற்றினார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறங்கிய அந்தக் கரையில் 4ஆவது காலாட்படைப் பிரிவின் இழப்பு 197 பேர். ஒமாஹாவில் அது 2,400 என்று பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. ‘யூட்டாவில் எதிரி பலவீனம், தரையும் சமம், பி-26 விமானங்கள் மேகத்துக்குக் கீழே பறந்து குறியாகக் குண்டு போட்டன, பாராசூட் படை பின்னால் இறங்கியிருந்தது’ என்று பதில் வரும். எல்லாம் சரி. அவற்றைத்தான் நானும் சொல்கிறேன்: தரை, எதிரி, குண்டுவீச்சு. சிறப்பு டாங்கி அந்தப் பட்டியலில் இல்லை.

மூன்றாம் கண்ணி, பிரிட்டிஷ் கரைகளில் இந்த டாங்கிகள் வழியை எளிதாக்கிவிட்டன என்பது. அங்கே இறங்கியவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஜூனோ கரையின் பெர்னியேரில் கடல் கொந்தளிப்பால் டாங்கிகள் பிந்தின, காலாட்படை முன்னால் போனது. குயீன்ஸ் ஓன் ரைஃபிள்ஸ் என்ற ஒரே கனடியப் பட்டாலியனில் 140க்கும் மேற்பட்டோர் மாண்டோ காயமுற்றோ விழுந்தார்கள். அன்று அந்தக் கரையில் இறந்த கனடியர்கள் சுமார் 340 பேர். கோல்ட் கரையின் லெ ஹாமெலில் ஒரே அரண் பல கிராப் டாங்கிகளை அடித்து நிறுத்தியது, ஹாம்ப்ஷயர் பட்டாலியனைப் பிற்பகல்வரை தடுத்தது. கடைசியில் ஓர் ஏ.வி.ஆர்.இ. நெருங்கிப் பெட்டார்டால் அங்கிருந்த மருத்துவமனைக் கட்டடத்தைத் தாக்கியபோதுதான் எதிர்ப்பு தளர்ந்தது. அந்தக் கருவியின் வல்லமைக்கும் எல்லைக்கும் இந்த ஒரு நிகழ்ச்சியே சாட்சி.

இனி ‘புதுமை பிரிட்டிஷ் குணம், பழமை அமெரிக்கக் குணம்’ என்ற துணைவாதம். டெவனின் வெஸ்ட்வர்ட் ஹோ கடற்கரையில் 1943இல் பிரிட்டிஷார் சோதித்த ‘பஞ்சாண்ட்ரம்’ இரண்டு ராட்சதச் சக்கரங்களைக் கொண்டது. ராக்கெட்டுகள் தள்ள, நடுவில் வெடிமருந்தோடு அது கரைமேல் உருண்டு அரணை மோத வேண்டும். ராக்கெட்டுகள் பிய்ந்து பறந்தன, சக்கரம் திசை மாறிப் பார்வையாளர்களை நோக்கியே ஓடியது, திட்டம் கைவிடப்பட்டது. மறுபுறம், நார்மண்டியின் வேலியடர்ந்த வயல்களில் டாங்கிகள் சிக்கியபோது, ஜெர்மானியர் கரையில் நட்ட எஃகுத் தடைகளையே வெட்டி டாங்கியின் முன்னால் பற்களாகப் பொருத்தியவர் கர்ட்டிஸ் கியூலின் என்ற அமெரிக்க சார்ஜென்ட். புதுமைக்கு நாட்டுரிமை கிடையாது.

ஹோபார்ட் பெயரிலேயே எல்லாவற்றையும் எழுதுவதும் இந்த வாதத்தின் ஒரு குறை. சங்கிலி அடிக்கும் யோசனை தென்னாப்பிரிக்க கேப்டன் ஆபிரகாம் டு டாய்ட்டினுடையது. 1942 அக்டோபரில் எல் அலமெய்னில் மட்டில்டா டாங்கிகளில் அது களம் கண்டுவிட்டது. டியப் தாக்குதலில் 1942 ஆகஸ்ட் 19 அன்று கனடிய டாங்கிகள் கூழாங்கல்லில் சிக்கி, பொறியாளர்கள் திறந்த வெளியில் சுடப்பட்டு இறந்தார்கள். அதைப் பார்த்த கனடியப் பொறியாளர் ஜான் டெனோவன் பொறியாளர்களைக் கவசத்துக்குள் வைக்கும் யோசனையை முன்வைத்தார், ஏ.வி.ஆர்.இ. பிறந்தது. ஹோபார்ட்டின் சாதனை வேறு. ராணுவம் ஓரங்கட்டியதால் உள்நாட்டுக் காவல்படையில் சாதாரணப் பொறுப்பில் இருந்தவரைப் பிரதமர் சர்ச்சில் மீட்டுக் கொண்டுவந்தார், 1943இல் தலைமைத் தளபதி ஆலன் புரூக் இந்தப் பொறுப்பை ஒப்படைத்தார். சிதறிக் கிடந்த கருவிகளை ஒரே பிரிவாக்கி, பயிற்சி கொடுத்து, காலாட்படைக்குத் தேவையான இடத்தில் தேவையான அளவில் பிரித்து அனுப்பும் முறையை அவர் நிறுவினார். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதைவிட இது எளிதான வேலையல்ல.

கடைசியாக, அமெரிக்கர்கள் பிற்பாடு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1944 செப்டம்பரில் பிரெஸ்ட் நகரின் மாண்ட்பரே கோட்டையைத் தாக்கிய அமெரிக்க 29ஆவது பிரிவுக்கு பிரிட்டிஷ் குரோக்கடைல்கள் துணை நின்றன. ஒமாஹாவில் இறங்கிய அதே பிரிவு அது. நேரமும் எண்ணிக்கையும் கைகூடியபோது அமெரிக்கர்கள் தயங்கவில்லை.

ஒமாஹாவை மீட்டவர்கள், பள்ளத்தாக்கு வழிகளை விட்டுவிட்டு அவற்றின் இடையே இருந்த மேட்டில் சிறு குழுக்களாக ஏறியவர்கள். 29ஆவது பிரிவின் நார்மன் கோட்டா, 16ஆவது ரெஜிமென்டின் ஜார்ஜ் டெய்லர் போன்ற அதிகாரிகள் அவர்களைக் கிளப்பினார்கள். தரைதட்டும் அபாயத்தைப் பொருட்படுத்தாமல் கரையை நெருங்கிய அமெரிக்க டிஸ்ட்ராயர் கப்பல்கள் நேருக்கு நேர் சுட்டு அவர்களுக்கு வழி கொடுத்தன. பிராட்லியைக் குற்றம் சாட்ட விரும்புபவர்கள் தாராளமாகச் சாட்டலாம், அதற்கு இடமிருக்கிறது: கப்பல் பீரங்கிகளுக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை, மேகத்துக்கு மேலிருந்து போடும் குண்டுகளை அவருடைய திட்டம் அளவுக்கு மீறி நம்பியது, எதிரில் இருப்பது 352ஆவது பிரிவு என்பது கரையில் இறங்கிய வீரர்களுக்குத் தெரியவில்லை. அந்தக் குற்றங்களுக்கு அவரும் அவருடைய மேலதிகாரிகளும் பொறுப்பு. டாங்கிகளை மறுத்தார் என்ற குற்றச்சாட்டு மட்டும் நிற்காது.